முகத்தில் பட்ட காயம்

மழைக்காலம் வந்துவிட்டால் ஹாலிஎலையைச் சூழ்ந்த தோட்டங்களில் லயத்துக் கற்படிகள் பாசி படர்ந்து வழுக்கத் தொடங்கும். பாடசாலைக்கு விரையும் பிள்ளைகள் அவற்றில் விழுந்து நெற்றியையோ கன்னத்தையோ கிழித்துக்கொள்வது புதிதன்று. அவ்வாறு விழுந்த மாணவி ஒருத்தியைச் சில ஆண்டுகளுக்கு முன் நாம் அறிவோம். கன்னத்தில் ஓர் அங்குல நீளக் காயம். வீட்டிலிருந்த பாட்டியார் பதற்றத்தில் காப்பித்தூளை அள்ளி அப்பிவிட்டார். இரத்தம் நின்றது, அனைவரும் ஆறுதலடைந்தனர். மூன்றாம் நாள் கன்னம் வீங்கிச் சீழ் கட்டிய பின்னரே பதுளைக்குக் கொண்டுசென்றனர். புண் ஆறிற்று, தழும்பு நிலைத்துவிட்டது. வகுப்பில் அப்பெண் எப்போதும் சுவரோரமாக அமர்ந்து, அந்தக் கன்னத்தைச் சுவர்ப்பக்கமே வைத்திருந்ததை நாம் பல நாள் கழித்தே உணர்ந்தோம்.

போர்க்களத்தில் முகத்திலும் மார்பிலும் பட்ட விழுப்புண்ணைப் பண்டைத் தமிழ் மறவர் பெருமையாகக் கொண்டனர். படியில் வழுக்கி விழுந்த பிள்ளைக்கு அந்தப் பெருமை ஏது? தோழியரின் பரிகாசமும், பெண் பார்க்க வருவோரின் கேள்விகளுமே எஞ்சும். ஆதலின் முகத்துக் காயத்தைக் கருத்துடன் பேணுதலை வீண் அலங்கார ஆசை என்று ஒதுக்குதல் தகாது.

முதலில் செய்யவேண்டியது யாது? கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிக்கொண்டு, சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துக. இடையிடையே எடுத்துப் பார்த்தல் கூடாது. இரத்தம் நின்றதும் ஓடும் நீரில் நன்கு கழுவுக. பீலித் தண்ணீர் கலங்கலாயின் கொதித்தாறிய நீரே நன்று. மண்ணும் தார்த்துகளும் தோலுக்குள் தங்கிவிட்டால் பச்சை குத்தியதுபோல் நிரந்தரக் கறையாகிவிடும். காப்பித்தூள், சாம்பல், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் ஆகிய எதையும் காயத்தில் இடலாகாது. மஞ்சள் நற்பொருளே, ஆயினும் சமையலறைத் தூளைத் திறந்த புண்ணில் தூவுவது அழுக்கை அழைப்பதாகும்.

காயம் வாய் பிளந்திருந்தாலும், இமையிலோ உதட்டின் ஓரத்திலோ பட்டிருந்தாலும், அழுத்தியும் இரத்தம் நில்லாவிடினும் அன்றைக்கே வைத்தியரிடம் செல்லவேண்டும். விளிம்புகளை நேர்பட இணைத்துத் தைப்பதற்கு முதற் சில மணி நேரமே உகந்தது. ஏற்புவலித் தடையூசி வேண்டுமா என்பதையும் அவரே கூறுவார். நாய் கடித்த காயமாயின் சவர்க்காரமும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசிக்காக உடனே புறப்படவேண்டும். முகத்தில் இட்ட தையலைப் பெரும்பாலும் ஐந்து நாள் அளவில் பிரித்துவிடுவர். காலந்தாழ்த்தினால் தையலின் தடமே தழும்பாகும்.

இனி, புண்ணைக் காற்றாட விட்டுக் காயவைக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன எண்ணம். இங்கிலாந்தில் ஜோர்ஜ் விண்டர் என்னும் ஆராய்ச்சியாளர் 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அதனை மாற்றிற்று. பன்றிகளின் தோலில் மெல்லிய பொலித்தீன் தாளால் மூடிய புண்கள், திறந்து விட்டவற்றைவிட ஏறக்குறைய இருமடங்கு விரைவாகப் புதுத்தோல் கண்டன. காய்ந்த பொருக்கின் அடியில் புதுத்தோல் வழிதேடி ஊர்ந்து செல்ல வேண்டியிருக்கிறது. ஈரப்பதம் இருப்பின் அது தடையின்றிப் பரவுகிறது. எனவே நாள்தோறும் கழுவி, சிறிது வசலின் தடவி, சுத்தமான துணியால் மூடிவைத்தல் சிறந்தது. பொருக்கைப் பிய்த்தல் மட்டும் வேண்டா. சிவப்பும் வீக்கமும் வலியும் நாளுக்கு நாள் மிகுந்தாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ காத்திருத்தலாகாது.

புண் மூடியதும் வேலை முடிந்தது என்றெண்ணற்க. தழும்பு முதிர்ந்து வெளிறி அடங்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதற்கிடையில் வெயில் பட்டால் நம்மவர் தோலில் அவ்விடம் கருத்துவிடும். குளிர்ந்த மலைநாட்டில் வெயில் சுடுவதில்லை என்பர். உண்மையில் உயரம் ஏற ஏறப் புறஊதாக் கதிரின் வலிமை மிகுகின்றது. குடையும் தொப்பியும் வெயில் தடுப்புக் களிம்பும் துணை செய்யும். தழும்பு தடித்துப் புடைக்குமாயின் சிலிக்கன் பட்டை முதலிய சிகிச்சைகள் உள. தொடக்கத்திலேயே வைத்தியரிடம் காட்டினால் பயன் மிகுதி. எந்தக் களிம்பும் தழும்பை அடியோடு அழித்துவிடாது என்பதையும் நினைவிற் கொள்க.

அந்த மாணவியின் பாட்டியாரை நாம் குறைகூறோம். அவரது அன்பில் யாதொரு பழுதுமில்லை. பதறிய கை காப்பித்தூள் பேணியை எட்டிற்று. அருகிலிருந்த தண்ணீர்க் குடத்தை எட்டியிருப்பின், அப்பெண் இன்று நேர்முகமாக அமர்ந்திருப்பாள்.