ஆராய்ச்சி யாருடைய சொத்து?

ஆராய்ச்சி என்பது பல்கலைக்கழக மதில்களுக்குள் மட்டும் விளையும் பயிர் என்றும், தோட்டப் பாடசாலையிற் படிக்கும் பிள்ளைக்கு அது எட்டாக்கனி என்றும் கருதும் கனவான்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 1960களில் ஈழத்து மரபுவாதிகள், உழைக்கும் மக்களின் பேச்சு இலக்கியத்தில் இடம்பெறுதல் தகுமா என்று கேட்டனர். அந்த வழக்கிலே மக்கள் வென்றார்கள். இன்று அதே கேள்வி வேறு உடை உடுத்து வந்திருக்கிறது: உழைக்கும் மக்களின் பிள்ளைகள் அறிவை ஆக்குவோராக அரங்கேறுதல் தகுமா?

தகும் என்பதே வரலாறு தரும் விடை. நுண்ணுயிர்களை முதன்முதல் கண்டு எழுதிய லேவன்ஹூக், ஒல்லாந்து தேசத்துத் துணி வியாபாரி. அக்காலத்து அறிஞரின் மொழியாகிய இலத்தீனை அவர் அறியார். 1673ஆம் ஆண்டு தொடக்கம் இலண்டன் ரோயல் சங்கத்துக்குத் தம் தாய்மொழியிலேயே கடிதங்கள் வரைந்தார். இராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதியபோது சென்னைத் துறைமுகத்திலே குமாஸ்தா. அதற்கு முன்னரே, 1911இல், இந்தியக் கணிதச் சங்கத்தின் சஞ்சிகை அவரது கட்டுரையை வெளியிட்டிருந்தது. பட்டம் இல்லாதவனுக்கும் பக்கம் ஒதுக்கிய ஒரு சஞ்சிகை இருந்தமையால் அவர் பெயர் ஏட்டில் ஏறியது. நம் மலையகத்திலோ, தோட்டத்து லயங்களில் ஒலித்த பாடல்களைத் திரட்டியவர் சி. வி. வேலுப்பிள்ளை, கோ. நடேசய்யரின் வாழ்வையும் பணியையும் தேடித் தொகுத்தவர் சாரல்நாடன். இருவரும் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். அவர்கள் எழுதியிராவிட்டால் நாம் இன்று எதைப் படித்துக்கொண்டிருப்போம்?

சப்பிரகமுவத் தோட்டங்களிலே இக்கேள்வி வெறும் தர்க்கம் அன்று. நுவரெலியாவைப் போல இங்கு நம்மவர் திரண்டு வாழவில்லை. இரத்தினபுரி, பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை என்று சிங்களக் கிராமங்களுக்கு இடையே சிதறிக் கிடக்கும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில், லயம் லயமாகப் பிரிந்து வாழ்கிறார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. 1977இலும் 1981இலும் வன்செயல் இத்தோட்டங்களைத் தாக்கியது. 1981 யூன் முதலாம் நாள் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. உலகம் அதற்காகக் கண்ணீர் வடித்தது, வடிக்கத்தான் வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது, லயத்துக் காம்பிராக்களில் இருந்த தகரப் பெட்டிகளும், அவற்றுள் இருந்த பிறப்புச் சான்றிதழ்களும், கடிதங்களும், கூத்துக் கொப்பிகளும் என்னவாயின? அவற்றுக்கு எந்த நூற்பட்டியலும் இல்லை.

துரைமார்களுக்கு அந்தக் குறை இல்லை. தோட்டத்து வரலாறு கொம்பனியின் அறிக்கையிலே, பெரட்டுப் பதிவேட்டிலே, கணக்கப்பிள்ளையின் புத்தகத்திலே எழுதப்பட்டிருக்கிறது. அங்கே தொழிலாளி ஓர் எண்; பறித்த கொழுந்தின் எடை; வெட்டிய பாலின் அளவு. அவளது நினைவு எங்கே? 1981ஐக் கண்ணாற் கண்டவர்கள் இன்று முதியவர்கள். ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். காமன் கூத்தின் பாடல்களை மனப்பாடமாய் அறிந்த மூத்தோரின் கதியும் அதுவே. பேராசிரியர் ஒருவர் வந்து பதிவு செய்வார் என்று காத்திருப்பது, பிணத்துக்கு வைத்தியர் வருவார் என்று காத்திருப்பதற்கு ஒப்பாகும்.

கடந்த காலத்தை மட்டும் நான் பேசவில்லை. 2016 மே 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவிலே மலை சரிந்து கிராமங்களை விழுங்கியது. அன்றே புலத்கொஹுபிட்டியவில் தோட்டத்து லயமும் மண்ணுள் புதைந்தது. சரிவான நிலத்தில் வாழ்வோருக்கு மழையின் அளவு உயிரின் அளவு. ஒரு நேரான பாத்திரமும், ஓர் அளவுகோலும், நாள்தோறும் ஒரே வேளையிற் குறிக்கும் ஒழுங்கும் இருந்தால், பத்தாம் வகுப்பு மாணவியும் தன் லயத்தருகே பெய்த மழையை மில்லிமீற்றரிற் பதியலாம். பல மைல் தொலைவிலுள்ள நிலையத்தின் கணக்கு அவளது மலைச்சரிவின் கணக்கு ஆகாது. இது ஆராய்ச்சி அன்று என்று கூற எவருக்குத் துணிவு உண்டு?

ஆனால், செய்தால் மட்டும் போதாது, வெளியிட வேண்டும். இங்கேதான் நம் இளைஞரைச் சுற்றி மூன்று பொறிகள் விரிக்கப்பட்டிருக்கின்றன.

முதற் பொறி, முகநூல். பாட்டியின் பாடலைப் பதிவேற்றிய மாணவனுக்கு இருநூறு விருப்பக்குறிகள் கிடைக்கின்றன. மூன்றாம் நாள் அது அடியில் அமிழ்ந்துபோகிறது. ஓராண்டு கழித்துத் தேடினால் அவனுக்கே அகப்படாது. அது வெளியீடு அன்று, கூச்சல்.

இரண்டாம் பொறி, பணம் பறிக்கும் "சர்வதேச" சஞ்சிகைகள். கட்டணம் அனுப்பினால் ஒரு கிழமையிற் கட்டுரை அச்சேறும், சான்றிதழும் வரும். கட்டுரையைப் படித்தவர் ஒருவரும் இரார். தோட்டத்துத் தாயின் நாட்சம்பளம் அறிவின் பெயரால் இங்கே களவாடப்படுகிறது. ஆக்கியோனிடம் பணம் கேட்கும் எந்தச் சஞ்சிகையையும், அதனைப் படித்து மதிப்பிடுவோர் யார் என்று கேளாமல் நம்பாதீர்கள்.

மூன்றாம் பொறி, பெரிய மனிதர். மாணவர் திரட்டிய பாடல்களையும் வாய்மொழிகளையும் "நான் பார்த்துத் தருகிறேன்" என்று வாங்கிச் சென்று, தம் பெயரில் நூலாக்குவோர். அடிக்குறிப்பிலே "தோட்டத்து மாணவர் சிலருக்கு நன்றி" என்று ஒரு வரி இருக்கும். உழைத்தவன் ஒருவன், உண்டவன் வேறொருவன்: இந்தச் சுரண்டலைத் தேயிலை மலையில் மட்டுந்தான் எதிர்ப்போமா?

இப்பொறிகளுக்கு மாற்று உண்டு. 2005இல் தன்னார்வலர் முயற்சியாகத் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் துண்டுப்பிரசுரங்களையும் எவரும் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறது. நூலகம் எரிக்கப்பட்ட சமூகம் எரிக்க முடியாத நூலகத்தைக் கட்டத் தொடங்கிய செயல் அது. வாய்மொழி வரலாறும் புகைப்படமும் ஒலிப்பதிவும் அவர்களது ஆவணகத்தில் இடம் பெறுகின்றன. ஐரோப்பிய அணுவாய்வு நிறுவனமாகிய சேர்ன் 2013 முதல் நடத்திவரும் செனோடோ என்னும் களஞ்சியத்தில் எவரும் கட்டணமின்றித் தம் கட்டுரையையும் தரவுகளையும் வைப்பிலிடலாம். எந்தப் பல்கலைக்கழகம் என்று அது கேட்பதில்லை. வைப்பிலிட்ட ஒவ்வொன்றுக்கும் நிலையான அடையாள எண் ஒன்று கிடைக்கிறது. நாளும் பெயரும் பதிவாகிவிடுவதால், பிறகு வரும் பெரிய மனிதர் அதைத் தமது என்று எளிதிற் கூற முடியாது.

ஒன்றை மறவாதிருக்க வேண்டும். களஞ்சியம் காப்பாற்றும்; சரிபார்க்காது. வைப்பில் இருப்பதாலேயே ஒரு கூற்று உண்மையாகிவிடாது. அதேபோல, 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் புத்தாய்வை எழுத இடமில்லை. வேறிடத்தில் வெளியானதைச் சான்று காட்டித் தொகுப்பதே அதன் விதி. ஆகவே முதலிற் களஞ்சியம்; அடுத்து அறிந்தோரின் விமரிசனம்; பின்னரே கலைக்களஞ்சியம். இந்த வரிசை தெரியாமல் எழுதி, எழுதியது நீக்கப்பட்டு, மனமுடைந்த இளைஞர் பலர்.

உரிமைக்குப் பின்னாற் பொறுப்பும் வருகிறது. யாரிடம் கேட்டது, எந்நாளிற் கேட்டது, எவ்வாறு அளந்தது என்பதை எழுதாத ஆராய்ச்சி வதந்தியின் உடன்பிறப்பு. பாட்டு ஒன்றுக்கு இரு வடிவம் கிடைத்தால் இரண்டையும் தர வேண்டும். அழகானதை மட்டும் தேர்ந்தெடுப்பது பொய். பிழை சுட்டப்பட்டால் திருத்திய பதிப்பைப் பழைய பதிப்பின் அருகிலேயே வைக்க வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, சொன்னவரின் சம்மதம். சம்பளத்தைப் பற்றியோ துரையைப் பற்றியோ தொழிலாளி சொன்னதை அவள் பெயரோடும் லயத்தின் எண்ணோடும் உலகறிய வெளியிட்டால், ஆய்வாளனுக்குப் புகழ். அவளுக்கு வேலை போகும். பெயரை மறைத்து உண்மையைச் சொல்லத் தெரியாதவன் மக்களின் ஆய்வாளன் அல்லன்.

"எல்லாரும் எழுதினால் குப்பை பெருகுமே" என்பார் சிலர். அச்சகத்தைக் கண்டபோதும் இவ்வாறுதான் சொன்னார்கள். குப்பைக்கு மருந்து விமரிசனமே, வாய்ப்பூட்டு அன்று. "தோட்டத்தில் இணைய வசதி ஏது?" என்பார் வேறு சிலர். இது நியாயமான கேள்வி. கொரோனாக் காலத்தில் பாடம் கேட்பதற்காக மலை உச்சி ஏறிய பிள்ளைகளை நாடே கண்டது. ஆனால் ஆராய்ச்சி கொப்பியிலே பென்சிலாற் தொடங்குகிறது. வைப்பிலிடுவதற்கு மாதத்தில் ஒரு நாள், ஒரு பாடசாலையின் ஒரு கணினி போதும். அந்த ஒரு நாளையும் ஒதுக்க மறுக்கும் பாடசாலைகளையும், அதைக் கேட்கத் தயங்கும் ஆசிரியர்களையும் எதனால் மன்னிப்பது?

ஆசிரியத் தோழர்களே! செயற்றிட்டம் என்ற பெயரில் மாணவர் எழுதித் தரும் கொப்பிகளுக்குப் புள்ளியிட்டு அலுமாரியிற் பூட்டிக் கறையானுக்கு இரையாக்குகிறோம். அவற்றில் நல்லதைத் தேர்ந்தெடுங்கள்; நால்வரை அழைத்துப் படிக்க வையுங்கள்; குறை சொல்லுங்கள்; திருத்துங்கள்; மாணவரின் பெயரிலேயே, மாணவரின் பெயரில் மட்டுமே, வெளியிடச் செய்யுங்கள். மாணவர்களே! தமிழிலே எழுதுங்கள். சிங்களத்திலும் ஒரு பக்கச் சுருக்கம் சேருங்கள். பக்கத்துக் கிராமத்து உழைப்பாளியும் அதே மலையின் அடியிலேதான் உறங்குகிறான். இருநூறு ஆண்டுகளாக நம் மக்கள் பிறரால் எண்ணப்பட்டார்கள். இனி அவர்களது பிள்ளைகள் எண்ணட்டும். எண்ணியதைத் தம் பெயரோடு எழுதட்டும்.