சிங்காரப்பேட்டையும் இரத்தக் கொதிப்பும்

கிருஷ்ணகிரி ஜில்லாவில் சூளகிரிக்கு அருகிலுள்ள சாமனப்பள்ளி கிராமத்தில், 2021-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 5-ந் தேதி, அன்றைய முதல் மந்திரி ஸ்ரீ மு. க. ஸ்டாலின் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தை ஆரம்பித்து வைத்தார். இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் உள்ளவர்களுக்கு மாத்திரைகளை வீட்டு வாசலிலேயே கொண்டு கொடுப்பது அதன் பிரதான அம்சம். 2024-ல் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் விருதொன்றும் அதற்குக் கிடைத்தது. கட்சி பேதமின்றிப் பாராட்டத்தக்க காரியம் இது என்பதே நமது அபிப்பிராயம். ஆனால், அதே ஜில்லாவின் தென்கிழக்குக் கோடியிலுள்ள சிங்காரப்பேட்டையில் ஒருவருக்கு நடுநிசியில் கொதிப்பு 220-க்கு ஏறி, மூச்சுத் திணறி, படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துவிட்டால், வீட்டிலிருக்கும் மாத்திரை போதாது.

அச்சமயத்தில் இரத்தக் குழாய்கள் இறுகிவிடுகின்றன. அவற்றை எதிர்த்து இரத்தத்தைத் தள்ள மாட்டாமல் இருதயம் தவிக்கிறது. நுரையீரலில் நீர் கசிகிறது. குழாய்களை விரியச் செய்யும் மருந்தை நாளத்தின் வழியே சிறுகச் சிறுக ஏற்றினால், சில நிமிஷங்களிலேயே இருதயத்தின் பாரம் குறையும். ஏற்றுவதை நிறுத்தினால், மருந்தின் வேகமும் விரைவில் தணியும். இவற்றுள் முதன்மையானது நைட்ரோகிளிசரின். இத்தாலியரான ஸொப்ரேரோ 1847-ல் கண்டுபிடித்த இவ்வஸ்துவே பாறை பிளக்கும் டைனமைட்டுக்கும் உயிர்நாடியாயிற்று. 1879-ல் லண்டன் வைத்தியர் முர்ரெல் இதை மார்வலிக்குக் கொடுத்துப் பலன் கண்டார். டைனமைட்டை உலகுக்கு அளித்த நோபெலுக்கே கடைசிக் காலத்தில் வைத்தியர்கள் இம்மருந்தை எழுதிக் கொடுத்தது விசித்திரந்தான்!

மற்றொன்று ஸோடியம் நைட்ரோபுருஸ்ஸைடு. இது இன்னும் உக்கிரமானது. வெளிச்சம் படாமல் மூடி வைத்து ஏற்ற வேண்டும். அளவு மிஞ்சினால் உடலில் ஸயனைடு விஷம் சேரும். இப்பழைய மருந்தை விற்கும் உரிமையை 2015 பிப்ரவரியில் வாங்கிய வாலியண்ட் கம்பெனி, சுமார் 258 டாலராயிருந்த புட்டியின் விலையை உடனே சுமார் 806 டாலராக்கியது. அடுத்த வருஷம் அமெரிக்க ஸெனெட் கமிட்டி அதை விசாரிக்க நேர்ந்தது. அவ்வித நிர்ப்பந்தம் நமக்கில்லை. நைட்ரோகிளிசரின் நமது தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. 2013-ம் வருஷத்து உத்தரவின்படி அதன் விலைக்கு உச்ச வரம்பும் உண்டு. புது மருந்து வேண்டுமென்று ஏங்கவும் தேவையில்லை. அமெரிக்காவில் 2001-ல் அனுமதி பெற்ற நெஸிரிடைடு, 7,000-க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, சாவைக் குறைக்கவில்லையென்று 2011-ல் ருசுவாயிற்று.

வக்கீல் தொழில் பழகிய நாம் எதிர்த்தரப்புச் சாட்சியத்தை மறைக்க விரும்பவில்லை. குழாய் விரிக்கும் மருந்துகளை ஆரம்பத்திலேயே தீவிரமாகக் கொடுப்பதால் மரணம் குறைவதாக 2019-லும் 2020-லும் வெளியான சோதனைகள் காட்டவில்லை. மெய்தான். எனினும் கொதிப்பு மிகுந்து மூச்சுத் திணறுபவனுக்கு மூச்சு வரச் செய்வது அற்ப விஷயமா? ஐரோப்பிய இருதய வைத்திய நிபுணர்கள் 2021-ல் இம்மருந்துகளுக்கு விட்டு வைத்த இடம் அதுவே. அதுவும் மேல் அளவு 110-க்குக் குறையாதிருந்தால்தான்.

எச்சரிக்கை ஒன்றும் அவசியம். கொதிப்பு அதிகமென்று கண்டவுடன் நிபிடிபின் குளிகையைக் கிள்ளி நாக்கின் கீழ் விடும் வழக்கம் முன்பு எங்கும் இருந்தது. அது கொதிப்பைத் திடீரென வீழ்த்தி, மூளைக்கும் இருதயத்துக்கும் இரத்தம் போதாமல் செய்யும் என்று 1996-லேயே கண்டிக்கப்பட்டது. முதல் ஒரு மணிக்குள் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கலாகாது என்பதே பொது விதி. ஆகையால் மருந்துப் புட்டியை மட்டும் அனுப்பிப் பிரயோஜனமில்லை. மணிக்கு இவ்வளவென்று துல்லியமாக ஏற்றும் ஸிரிஞ்சு பம்பு வேண்டும். சில நிமிஷங்களுக்கொரு முறை கொதிப்பை அளந்து, அதற்கேற்ப அளவை மாற்றத் தெரிந்த நர்ஸ் வேண்டும். விலையுயர்ந்த சரக்கு மருந்தல்ல, அந்த நர்ஸின் பயிற்சியே.

போலுப்பள்ளியில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரி, சிங்காரப்பேட்டைக்கு 60 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. மூச்சுத் திணறுபவனை அவ்வளவு தூரம் சும்மா ஏற்றிச் செல்வது நியாயமல்ல. மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை 2023 ஜூனில் 'இதயம் காப்போம்' திட்டத்தின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைத்த சர்க்காருக்கு, தாலுகா ஆஸ்பத்திரிதோறும் இந்தப் பம்பை வைப்பது அசாத்தியமல்ல. எந்தெந்தத் தாலுகா ஆஸ்பத்திரியில் நைட்ரோகிளிசரினும் பம்பும் உள்ளன, இரவு 12 மணிக்கு அதை இயக்கத் தெரிந்தவர் எங்கெங்கே இருக்கிறார் என்பதைச் சுகாதார இலாகா ஜில்லாவாரியாகப் பிரசுரிக்க வேண்டுமென்று கோருகிறோம். ஊத்தங்கரையிலிருந்து ஆரம்பிக்கலாம்.