வெள்ளைப் படலத்தைப் பார்த்து மிரளும் வாலாஜாபாத்! கேட்க வேண்டிய கேள்வி வேறு!

வாலாஜாபாத், அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை பக்கம் எந்த வீட்டு அடுப்படிக்குப் போனாலும் இந்தப் புலம்பல் கேட்கும். ‘பருப்பு வேக மாட்டேங்குது. சோப்பு நுரைக்க மாட்டேங்குது. வெந்நீர் போடுற அண்டாவுல அடியெல்லாம் வெள்ளை வெள்ளையா பிடிச்சிருக்கு. இதைக் குடிச்சா கிட்னி என்னத்துக்கு ஆகும்?’

அடுத்த நிமிஷமே கேன் தண்ணிக்கு போன் பறக்கிறது.

முதலில் அந்த வெள்ளைப் படலம் என்ன என்று பார்த்துவிடுவோம். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும்தான் கடினத்தன்மைக்கு காரணம். கொதிக்கும்போது அதில் ஒரு பகுதி சுண்ணாம்பாகப் பிரிந்து பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதே கால்சியம் பருப்பை இறுக்கிப் பிடிப்பதால்தான் குக்கர் 6 விசில் அடித்தாலும் குழையவில்லை. சோப்போடு சேர்ந்தால் நுரைக்குப் பதில் பிசுக்கு.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் அளவுகோல் (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத ஊர் என்றால் 600 வரை. உலக சுகாதார நிறுவனமோ கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த உச்ச வரம்பு எதுவும் வைக்கவில்லை. கடினத் தண்ணீரால்தான் சிறுநீரகத்தில் கல் வருகிறது என்பதும் உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. வெயிலில் வேலை பார்த்துவிட்டு போதுமான தண்ணி குடிக்காமல் இருப்பதுதான் கல்லுக்கு பெரிய காரணம்.

ஆற்றுத் தண்ணியும் போர் தண்ணியும்

பாலாறு பக்கத்திலேயே ஓடுகிற (ஓட வேண்டிய!) ஊருக்கு இந்தத் தொல்லை ஏன்?

மழை வெள்ளம் ஆற்று மணலில் இறங்கி, சில மாதங்களில் கிணற்றுக்கு வந்து சேர்ந்தால் அந்தத் தண்ணியில் உப்பு குறைவு. அதே தண்ணி ஆழத்துப் பாறை இடுக்கில் வருஷக்கணக்கில் கிடந்தால் பாறையிலிருந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வரும். மணல் குறைந்து, ஆறு வறண்டு, போர் ஆழமாகப் போகப்போக தண்ணி கடினமாகிறது. கோடையில் சப்பென்று உப்புக் கரிப்பதும், நல்ல மழைக்குப் பிறகு ருசி மாறுவதும் இதனால்தான்.

மொத்தம் 348 கிலோமீட்டர் ஓடும் பாலாறு தமிழ்நாட்டில் மட்டும் 222 கிலோமீட்டர். சென்னையின் கட்டிடங்களுக்கு இந்த ஆற்று மணல் லாரி லாரியாகப் போனது ஊரறிந்த விஷயம். தாம்பரம், பல்லாவரம் பக்கத்துக்கு இந்தப் படுகைத் தண்ணியும் குழாயில் போகிறது. ஸ்பாஞ்சை அறுத்து விற்றுவிட்டு, அதில் ஏன் தண்ணி நிற்கவில்லை என்று கேட்கிறோம்!

2021 நவம்பர் வெள்ளத்தில் வாலாஜாபாத் - அவளூர் தரைப்பாலத்தையே ஆறு உடைத்தது. அவ்வளவு தண்ணியும் கடலுக்குப் போனது. பழையசீவரம் தடுப்பணை மாதிரி தேக்கங்கள் உதவும். ஆனால் உறிஞ்சிக்கொள்ள மணல் வேண்டுமே.

பாலாற்றுத் தண்ணியில் அலசினால் பட்டுக்கு தனி மினுமினுப்பு என்று நெசவாளர் வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள். வெறும் பெருமைப் பேச்சு இல்லை. பச்சைப் பட்டு இழையில் இருக்கும் பசையை சோப்பும் சோடாவும் போட்டு கொதிக்க வைத்து எடுப்பார்கள். தண்ணி கடினமாக இருந்தால் சோப்புப் பிசுக்கு இழையில் படிந்து மினுமினுப்பு போய்விடும், சாயமும் திட்டுத்திட்டாக ஏறும். நல்ல தண்ணி இந்த வட்டாரத்தில் குடிக்க மட்டும் அல்ல, தொழிலுக்கும் முதல்.

பழுப்புத் தண்ணி வித்தை

இந்தப் பயத்தில் காசு பார்ப்பவர்களும் உண்டு. ஆர்.ஓ. மெஷின் விற்க வருகிறவர் இரண்டு டம்ளர் வைப்பார். குழாய்த் தண்ணியிலும் அவர் கொண்டுவந்த தண்ணியிலும் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுப்பார். குழாய்த் தண்ணி பழுப்பாகி நாறும். ‘பாத்தீங்களாம்மா, இதைத்தான் குடிக்கிறீங்க!’

அந்தப் பழுப்பு, இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. அவர் தண்ணியில் உப்பே இல்லாததால் கரண்ட் பாயவில்லை, கம்பி கரையவில்லை. அவ்வளவுதான் வித்தை. கையிலுள்ள டி.டி.எஸ். மீட்டரும் மொத்த உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டவே காட்டாது.

ஒரு குடம் நல்ல தண்ணி எடுக்க இரண்டு, மூன்று குடத்தைச் சாக்கடையில் விடும் மெஷின்களும் உண்டு. டி.டி.எஸ். 500-க்கு கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவிக்கு தடை கொண்டு வரும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

கேன் கணக்கும் போடுங்கள். ஒரு கேன் 30 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டு நாளுக்கு ஒன்று எடுக்கிற வீட்டுக்கு வருஷத்துக்கு 5,400 ரூபாய் ஆச்சு. குடிநீர்க் கட்டணம் தனி.

எதைக் கேட்க வேண்டும்?

கண்ணுக்குத் தெரியும் சுண்ணாம்பு ஆளைப் படுக்க வைப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமி படுக்க வைக்கும். பைப் உடைந்து சாக்கடை கலந்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை எல்லாம் வரும். 100 மில்லி தண்ணியில் கோலிபார்ம் கிருமி ஒன்றுகூட தென்படக் கூடாது என்பது விதி. குழாய் கடைசி வீட்டை எட்டும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். குளோரின் வாடை பிடிக்கவில்லை என்று முகம் சுளிப்பவர்கள், துளிக்கூட வாடையே இல்லாத நாளில்தான் சந்தேகப்பட வேண்டும்.

பெரிய நகரங்களும் யோக்கியம் இல்லை. 2019 நவம்பரில் வெளியான தர நிர்ணய அமைவன ஆய்வில் சென்னையில் எடுத்த 10 குழாய் மாதிரிகளும் தேறவில்லை. வெளியிட்டதால்தான் அது ஊருக்குத் தெரிந்தது. நம்ம ஊரில் எந்தத் தெருவில், எந்தத் தேதியில் மாதிரி எடுத்தார்கள், குளோரின் எவ்வளவு, கோலிபார்ம் உண்டா இல்லையா என்று பேரூராட்சி அலுவலக வாசலில் மாதம் ஒரு தாள் ஒட்டினால் போதும். செலவு பசை மட்டும்தான்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது: நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மேலாக வடித்தால் கிருமியும் போகும், கடினத்தன்மையில் பாதி வகையும் அடியில் தங்கிவிடும். தேற்றாங்கொட்டையும் படிகாரமும் கலங்கலைத்தான் தெளிய வைக்கும், உப்பைக் குறைக்காது. சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டி சோதித்துப் பார்க்கலாம். கிருமிச் சோதனைக்கு சுத்தம் செய்த பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் அந்த முடிவு செல்லாது.