மாசிக்கு முன்னால் பேசுங்கள்



திசையன்விளைப் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 68 வயது. இன்னும் பனை ஏறுகிறார். கடிதம் எழுதிய மகன் சென்னையில் வேலை பார்க்கிறார், மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறார். போனில் "போதும்ப்பா" என்றால், "இன்னும் நாலு மாசந்தானல, ஆடியில எறங்கிருதேன்" என்பாராம். நாலு வருஷமாக இதே பதில்.

 

அப்பாவின் பிடிவாதத்திலும் நியாயம் இருக்கிறது. தாமிரபரணிப் பாசனத்தில் நெல் போட்டவர் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால், பக்கத்து வயல்காரர் மடையைப் பார்த்துக்கொள்வார். பனை அப்படியா? பாளையைத் தினமும் சீவியாக வேண்டும். விட்டால் வாய் காய்ந்து பதநீர் நின்றுவிடும். நடுப் பருவத்தில் "இன்றோடு நிறுத்துங்கள்" என்றால் யார் கேட்பார்?

அதனால் பருவம் தொடங்குமுன், மாசிக்கு முன்னால் பேசுங்கள். பாட்டத்துக்கு மரம் பேசி முடிப்பதற்கு முன்பே. முப்பது மரம் ஏறுகிறவர் இந்த வருஷம் பதினைந்து ஏறட்டும். எந்தெந்த மரத்தை விடுவது என்பதை அவரே சொல்லட்டும்.

அதற்கு முன் அம்மாவிடம் கேளுங்கள். கருப்பட்டி காய்ச்சும் விடிலியில் அடுப்பை மூட்டிவிட்டுக் காத்திருப்பவர் அவர்தானே? பதநீர் வந்து சேர நேரமாகிறதா? கலயத்தில் சுண்ணாம்பு தடவ மறந்து பதநீர் புளித்துப்போகிறதா? கருப்பட்டி பதம் தவறும்போதே அம்மாவுக்கு விஷயம் தெரிந்திருக்கும். அப்பா மனசு நோகுமே என்று வாய் திறந்திருக்க மாட்டார்.

ஒன்று மட்டும் வேண்டாம். "நான்தான் பணம் அனுப்புகிறேனே" என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் ஏறிச் சம்பாதித்த காசில் படித்தவர்தானே நீங்கள்? பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் பதிந்திருக்கிறாரா என்று பாருங்கள், அது உருப்படியான உதவி.

கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. மகனுக்கு மரம் ஏறத் தெரியாதாம். சின்ன வயதில், ஏறும்போது காலில் மாட்டும் தளைநாரைத் தொட்டாலே, "போய்ப் படில" என்று விரட்டிவிடுவாராம் அப்பா.

பொங்கலுக்கு மகன் ஊருக்குப் போகிறாராம். தை மாதம், சரியான நேரம். முற்றத்தில் உட்கார்ந்து பனங்கிழங்கு உரிக்கும்போது பேச்சை எடுங்கள், அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும் என்று பதில் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்