சிறிய வீக்கத்துக்கு அவசர அறுவை வேண்டாம்

மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் ஓரிடத்தில் வலுவிழந்து குமிழ்போலப் புடைப்பதை அனியூரிசம் என்கிறார்கள். பெரியவர்களில் நூற்றுக்கு சுமார் 3 பேருக்கு இது இருக்கிறது. பெரும்பாலோர் அதை அறியாமலேயே வாழ்ந்து முடிக்கிறார்கள். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்துவிட்டால் வீடே கலங்கிப்போகிறது. அந்தக் கலக்கத்தில் அறுவைக்கு நாள் குறித்துவிடக் கூடாது. வெடிக்காத சிறிய வீக்கத்துக்குப் பல நேரங்களில் கண்காணிப்பே சரியான சிகிச்சை.

நலமாக இருப்பவர்களும் மூளை ஸ்கேன் எடுத்துக்கொள்ளும் வழக்கம் ஜப்பானில் 1980களின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. 2012இல் வெளியான ஜப்பானிய ஆய்வு, 5,720 பேரிடம் இருந்த 6,697 வீக்கங்களைப் பின்தொடர்ந்தது. ஆண்டுக்குச் சராசரியாக 0.95 சதவீதம் வெடித்தன. 3, 4 மில்லிமீட்டர் அளவுள்ளவற்றில் அது 0.36 சதவீதம்தான், 10 முதல் 24 மில்லிமீட்டர் வரையுள்ளவற்றில் 4.37. வீக்கம் எந்தக் குழாயில் இருக்கிறது என்பதைப் பொறுத்தும் ஆபத்து மாறியது. சிகிச்சையும் ஆபத்தில்லாததல்ல. மண்டையோட்டைத் திறந்து வீக்கத்தின் கழுத்தில் கிளிப் மாட்டலாம். தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, உள்ளே பிளாட்டினச் சுருளை நிரப்பலாம். வெடிக்காத வீக்கங்களுக்கான சிகிச்சைகளைத் தொகுத்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், சுருள் முறையில் சுமார் 5 சதவீதத்தினருக்கும் திறந்த அறுவையில் சுமார் 8 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் வந்தன. 3 மில்லிமீட்டர் வீக்கம் பத்தாண்டில் வெடிக்கும் வாய்ப்பைவிட இது அதிகம்.

‘வெடித்து வருகிறவர்களில் பலருக்குச் சிறிய வீக்கம்தானே?’ என்று கேட்கலாம். உண்மைதான். சிறியவை எண்ணிக்கையில் மிக அதிகம் என்பதே அதற்குக் காரணம். தனியொருவரின் ஆபத்து அதனால் கூடிவிடுவதில்லை. வெடித்தால் மூன்றில் ஒருவராவது இறக்கிறார் என்பதால் இந்த அச்சத்தை அலட்சியப்படுத்தவும் முடியாது. முப்பது வயதுக்காரருக்கு ஆண்டுதோறும் ஆபத்து சேர்ந்துகொண்டே போகும். எழுபது வயதுக்காரரின் கணக்கு வேறு. நெருங்கிய உறவில் இருவருக்கு இந்நோய் வந்திருந்தாலோ, பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய் இருந்தாலோ, ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதில் நியாயம் உண்டு. கண்காணிப்பு என்றால் சும்மா இருப்பதல்ல. புகைப்பழக்கத்தை அறவே விட வேண்டும், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், சொன்ன காலத்தில் மறு ஸ்கேன் எடுக்க வேண்டும். திடீரென, வாழ்நாளில் கண்டிராத தலைவலி வந்தாலோ, ஒரு கண்ணிமை சட்டென்று சரிந்தாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

வீக்கம் இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் கையெழுத்திடும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்: அளவு என்ன, எந்தக் குழாயில் இருக்கிறது, என் வயதில் காத்திருந்தால் என்ன ஆபத்து, இந்த மருத்துவமனையில் ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள்?