டைபிரேக் வேண்டும், ஆனால் பத்துக்கு!

டென்னிஸில் ஒரு செட் 6-6 ஆனால் டைபிரேக். முதலில் ஒருவர் ஒரு சர்வ், பிறகு ஆளுக்கு இரண்டிரண்டு. யார் முதலில் 7 புள்ளி எடுக்கிறாரோ அவருக்கு செட், ஆனால் இரண்டு புள்ளி வித்தியாசம் கட்டாயம். இதில் தகராறே இல்லை.

வம்பெல்லாம் கடைசி செட்டில்தான். விம்பிள்டனில் முன்பு அதற்கு டைபிரேக் கிடையாது. 2010-ல் ஜான் இஸ்னரும் நிக்கோலா மஹூவும் 70-68 வரை ஆடினார்கள். மூன்று நாள், 11 மணி 5 நிமிடம்! ஆஹா ஓஹோ என்று கைதட்டினார்கள். ஜெயித்த இஸ்னர் அடுத்த ஆட்டத்தில் 0-6, 3-6, 2-6 என்று சுருண்டார். ஜெயித்ததற்குத் தண்டனையா? 2018 அரையிறுதியில் அதே இஸ்னரை 26-24 என்று வென்ற ஆண்டர்சனும் இறுதியில் நேர் செட்களில் காலி.

2019-ல் 12-12 ஆனால் டைபிரேக் என்றார்கள். அந்த வருஷமே ஃபெடரர் 218 புள்ளி எடுத்தும், 204 எடுத்த ஜோகோவிச்சிடம் இறுதியில் தோற்றார். ஜோகோவிச் எடுத்த மூன்று செட்டும் டைபிரேக்கில்தான். ஃபெடரர் ரசிகனான எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. ஆனாலும் விதியைத் திட்ட மாட்டேன். 8-7-ல் இரண்டு சாம்பியன்ஷிப் பாயின்ட்டைக் கோட்டைவிட்டது தலைவர்தானே :(

2022 முதல் நான்கு கிராண்ட் ஸ்லாமிலும் கடைசி செட்டுக்கு 6-6-ல் 10 புள்ளி டைபிரேக். என் ஓட்டு இதற்குத்தான். 7 என்றால் இரண்டு தப்பில் கதை முடியும். 10 என்றால் தடுமாறியவன் எழ இடம் உண்டு. 2025 பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் அல்கராஸ் சின்னரை 10-2 என்று முடித்தபோது 5 மணி 29 நிமிடம் ஆகியிருந்தது. இன்னும் எவ்வளவு நேரம் ஆட வேண்டுமாம்?