காசு கொடுத்தவருக்கே காவல்

கலைஞனுடைய உழைப்புக்கு உரிய ஊதியம் அவனைச் சேரவேண்டும் என்பதில் எனக்குக் கிஞ்சித்தும் சந்தேகமில்லை; ஆயினும், அந்த நியாயத்தைக் காரணமாகக் காட்டி இசை வியாபாரிகள் தங்கள் தட்டுகளுக்கு இட்ட பூட்டுகள், திருடனைத் தடுக்காமல், கடைக்குச் சென்று கிரயம் கொடுத்து வாங்கிய யோக்கியனையே தண்டித்தன என்பதைச் சொல்லாமல் இருப்பதற்கில்லை.

2005இல் நடந்ததைப் பாருங்கள். சோனி பிஎம்ஜி நிறுவனம் அமெரிக்காவில் விற்ற சில இசைத்தட்டுகளைக் கணினியில் இட்டுக் கேட்க முற்பட்டால், பிரதி எடுப்பதைக் கட்டுப்படுத்தும் நிரல் ஒன்று உள்ளே குடிபுகுந்து, சொந்தக்காரரின் கண்ணுக்கும் புலப்படாமல் தன்னை மறைத்துக்கொள்கிறது என்பதை மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் அக்டோபர் 31ஆம் தேதி ஆதாரத்துடன் வெளிப்படுத்தினார். குறிப்பிட்ட சில எழுத்துகளில் பெயர் தொடங்கும் எந்தக் கோப்பையும் அந்நிரல் மறைத்துவிடும்; ஆகவே அதே எழுத்துகளைத் தங்கள் நாச நிரல்களின் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டு விஷமிகளும் அந்த மறைவில் ஒதுங்கினர். அதை நீக்குவதற்கென்று நிறுவனம் அளித்த உபாயமும் புதியதோர் ஓட்டையைத் திறந்துவிட, நவம்பரில் தட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ள நேர்ந்தது. அதே பாட்டுகளை இணையத்தில் களவாக இறக்கிக்கொண்டவர்களுக்கோ இந்த உபத்திரவம் எதுவும் இல்லை.

அதற்கு முன்பு வந்த பூட்டுகளின் வலிமைதான் என்ன? 2002இல், தட்டின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்ததும் கீ டு ஆடியோ என்ற பூட்டு திறந்துகொண்டது. 2003இல், சன்காம் நிறுவனத்தின் பூட்டு, தட்டை இடும்போது ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டிருந்தாலே செயலற்றுப் போவதைப் பிரின்ஸ்டன் மாணவர் ஹால்டர்மன் காட்டினார். இவை தற்செயலான குறைகள் அல்ல. செவிக்கு எட்டவேண்டிய சங்கீதம் ஏதோ ஒரு கட்டத்தில் பூட்டு நீங்கி நாதமாக ஒலித்தே தீரவேண்டும். ஒலிப்பதைப் பதிவு செய்ய இயலும். உலகில் ஒருவர் பதிவு செய்து பரப்பிவிட்டால் மற்றவர்களுக்குப் பூட்டை உடைக்கும் சிரமமே இல்லை.

ஐடியூன்ஸ் இணையக் கடையை நடத்திய ஆப்பிள் நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் 2007 பிப்ரவரியில் எடுத்துக்காட்டியபடி, 2006இல் இணையக் கடைகள் பூட்டுடன் விற்ற பாட்டுகள் 200 கோடிக்கும் குறைவு. இசைக் கம்பெனிகளே பூட்டின்றித் தட்டுகளில் விற்றவையோ 2,000 கோடிக்கும் அதிகம். வாசல் திறந்திருக்க, ஜன்னலுக்குத் தாழிட்டுப் பயன் யாது? 2009 ஜனவரியில், பெரிய கம்பெனிகள் நான்கும் ஐடியூன்ஸ் கடையில் பூட்டின்றி விற்க இசைந்தன. வாங்கும் வழி சுலபமாகவும் விலை நியாயமாகவும் இருந்தால் ஜனங்கள் காசு கொடுக்கவே செய்கிறார்கள். ஆகையால், பூட்டுக்கு இறைக்கும் பணத்தையும் புத்தியையும், பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் பாட்டெழுதியவருக்கும் சேரவேண்டிய பங்கைச் சரியாகக் கணக்கிட்டு உரிய காலத்தில் கொடுப்பதில் இசை நிறுவனங்கள் செலவிடட்டும்.